மறு: அம்மாவின் தூக்க மாத்திரையை ஒளித்து வைத்தேன், கை நடுங்குகிறது
ஒளித்து வைத்தது பாசத்தில்தான், புரிகிறது. ஆனால் ஒன்றரை வருஷமாகத் தினமும் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையை 0.5 மி.கி. போட்டுப் பழகிய உடம்பு அது. சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். சிலருக்கு வலிப்பே வரும். மூன்றாம் நாளே அம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்கிறீர்கள். இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அம்மாவைத் திட்டாதீர்கள். அப்பா போன துக்கத்துக்கு இரண்டு வாரம் எழுதித் தந்த மாத்திரை. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை அது கூட்டுகிறது. மூளை அதற்குப் பழகிப்போகிறது. அப்புறம் அரை மி.கி. போதாமல் ஒன்றாகும். 2014 மார்ச்சிலிருந்து இது எச்1 பட்டியலில் இருக்கிறது, மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் தரக்கூடாது. எங்கள் தெருக் கடையிலோ, இதே மாத்திரைக்குப் பழகிய என் சித்தி பழைய சீட்டின் மங்கிப்போன ஜெராக்ஸை நீட்டினாலே ஒரு அட்டை வந்துவிடும்!

சித்திக்கு மனநல மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார். சித்தி செய்தித்தாளை விரித்து, பிளேடால் மாத்திரையைக் கால் காலாக நறுக்குவார். ஐந்து மாதம் ஆயிற்று.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அம்மா கூச்சப்பட்டால் முதலில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416, தமிழிலேயே பேசலாம். போகும்போது பழைய சீட்டையும் காலி அட்டைகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.