சான்றிதழில் 'கிஃப்ட்': பரிசும் இல்லை, விஷமும் இல்லை

ரெய்க்யாவிக்கில் வேலை செய்யும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஐஸ்லாந்துப் பதிவேட்டுச் சான்றிதழில் என் பெயருக்கு எதிரே 'கிஃப்ட்' என்று இருக்கிறது. ஊரில் ஒரு ஏஜென்ட் அதை 'அன்பளிப்பு' என்று மொழிபெயர்த்து சீல் வைத்துவிட்டார். ஜெர்மனியில் இருக்கும் தோழியோ அது விஷம் என்கிறாள். சான்றிதழே தப்பா?"

சான்றிதழ் சரிதான். தப்பு ஏஜென்ட்டுடையது. ஐஸ்லாந்து மொழியில் கிஃப்ட் என்றால் திருமணமானவள். பரிசுக்கு அங்கே 'க்யோவ்', விஷத்துக்கு 'எய்துர்' என்று தனிச் சொற்கள் உண்டு.

ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் விஷம், ஐஸ்லாந்தில் கல்யாணம்: இந்த மூன்று 'கிஃப்ட்'டும் 'கொடு' என்ற பொருளுள்ள ஒரே வேரில் முளைத்தவை. "மகளை எங்கே கொடுத்திருக்கிறீர்கள்?" என்று நாம் கேட்கிறோமே, அதே எண்ணம்தான் ஐஸ்லாந்துச் சொல்லில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் தொகையைத்தான் குறித்தது. வைக்கிங்குகளின் மொழி கலந்த பிறகே பரிசு என்ற பொருள் நிலைத்தது. ஜெர்மன் விஷத்தின் கதை வேறு. 'கொடுப்பது' என்பதற்கான கிரேக்கச் சொல் டோசிஸ். நாம் மருந்துக்குச் சொல்லும் டோஸ் அதிலிருந்து வந்ததுதான். அதை ஜெர்மானியர் தங்கள் சொல்லால் பெயர்த்து கிஃப்ட் என்றார்கள். கொடுத்த மருந்து பேச்சுவழக்கில் மெல்ல விஷமாகிவிட்டது. ஆனால் வரதட்சணைக்கான 'மிட்கிஃப்ட்' என்ற ஜெர்மன் சொல்லில் பழைய பொருள் இன்னும் இருக்கிறது.

உங்கள் கணவரின் சான்றிதழில் 'க்வைந்துர்' என்று இருந்தால் பதறாதீர்கள். மனைவி உள்ளவன் என்று பொருள். அந்தக் காலத்தில் பெண்ணைத்தான் கொடுப்பார்கள், ஆணைக் கொடுப்பதில்லை. அதனால் அவனுக்குத் தனிச் சொல். இப்போது ஆணுக்கும் 'கிஃப்துர்' என்று எழுதுவது சாதாரணம். 2010இல் ஒரே பாலினத்தவர் திருமணம் அங்கே சட்டமானது. ஆணை மணந்த ஆணுக்கு மனைவி இல்லையே, க்வைந்துர் எப்படிப் பொருந்தும்? அவருக்குக் கிஃப்துர்தான். பெண்ணை மணந்த பெண்ணும் கிஃப்ட்தான்.

என் பெரிய கவலை 'ஓ' என்ற முன்னொட்டு. 'ஓகிஃப்ட்' என்றால் திருமணமாகாதவள். ஒரே எழுத்து, பொருள் தலைகீழ். சான்றிதழை செல்போனில் படம் பிடித்து, இயந்திரம் துப்பியதை அப்படியே அச்சடித்து, 'சான்றளிக்கப்பட்டது' என்று சீல் குத்தும் ஏஜென்ட்டின் கண்ணில் அது படாது. வாங்கிக்கொள்ளும் அலுவலகங்களும் சீல் இருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன, சொல் சரியா என்று பார்ப்பதில்லை. எனக்குக் கோபம் வருவதே இதில்தான். அவர் செய்த பிழைக்கு அலைவது நீங்கள்.

அதனால் அந்த மொழிபெயர்ப்பை எங்கும் கொடுக்காதீர்கள். ஐஸ்லாந்தின் தேசியப் பதிவேட்டு அலுவலகமே மணநிலைச் சான்றிதழை ஆங்கிலத்தில் தருகிறது. நேரே அங்கே விண்ணப்பியுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். சான்றிதழை வாங்கிக்கொள்ளும் அலுவலகம் மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்நாட்டில் உரிமம் பெற்ற ஆவண மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள். 'அன்பளிப்பு' தாள் ஏற்கெனவே எங்காவது போயிருந்தால், பிழையைக் குறிப்பிட்டு, திருத்திய பிரதியோடு இந்த வாரமே எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிவிடுங்கள்.