வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு நாள் போதுமா?

கனடாவிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சின்ன வயதில் வைத்த நேர்த்திக்கடன் ஒன்று பாக்கி இருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலன்று கொழும்பிலிருந்து வந்து கும்பிட்டுவிட்டு உடனே திரும்பலாமா, எதைத் தவறவிடக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வந்து திரும்பலாம். ஆனால் அப்படி வராதீர்கள். நான் பக்கத்து ஊரான முள்ளியவளையில் பிறந்து வளர்ந்தவன். பொங்கல் திங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தாலி கட்டுக்கு நிற்காமல் பந்தியில் மட்டும் இருந்துவிட்டுப் போவது மாதிரி அது. வற்றாப்பளைப் பொங்கல் பதினைந்து நாள் காரியம், மூன்று திங்கட்கிழமைகள். உங்களுக்கு ஒரு திங்கள்தான் கிடைக்கும் என்றால், பொங்கலுக்கு முந்திய திங்களைத் தெரிவுசெய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் விளங்க வேண்டுமென்றால் கதை தெரிய வேண்டும். மதுரையை எரித்த கண்ணகி ஆறாத கோபத்தோடு ஈழத்துக்கு வந்து ஒவ்வோர் இடமாகத் தங்கினாள், பத்தாவதாகத் தங்கிய இடம் இது, அதனால் பத்தாப்பளை, அதுதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். நந்திக்கடல் களப்பு ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியன்களிடம் ஒரு கிழவி வந்தாளாம். பசிக்கிறது என்றாள், பொங்கிக் கொடுத்தார்கள். வெயிலுக்கு ஒதுங்க வேப்பங்குழையால் ஒரு பந்தல் போட்டார்கள். பொழுது பட்டதும் விளக்கு வை என்றாள். எண்ணெய்க்கு எங்கே போவது? கடல் தண்ணீரை அள்ளி ஏற்று என்றாள், ஏற்றினார்கள், எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பார் என்றாள். முடியை விலக்கிப் பார்த்த பிள்ளைகளுக்குத் தலை முழுக்கக் கண். ஆயிரம் கண். வைகாசித் திங்களில் வருவேன் என்று சொல்லி மறைந்துவிட்டாள்.

இந்தக் கதையில் அரசன் இல்லை, முனிவர் இல்லை. ஒரு கிழவி, பசி, மாட்டுக்காரப் பொடியன்கள், உப்புத் தண்ணீர். இந்தக் கதையைத்தான் ஊர் ஒவ்வொரு வருசமும் திரும்ப நடத்துகிறது. முதல் திங்கள் பாக்குத்தெண்டல். அம்மனின் மடைக்கு, அதாவது படையலுக்கு, வேண்டிய பாக்கை ஊருக்குள் போய்ச் சேர்ப்பார்கள். தெண்டுதல் என்றால் எங்கள் பக்கத்தில் சேர்ப்பது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மீன் இறைச்சி ஒன்றும் சமைக்க மாட்டோம். அடுத்த திங்கள் தீர்த்தமெடுப்பு. முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவுப் பக்கம் சிலாவத்தையில் தீர்த்தக்கரை என்று பெயரே பெற்றுவிட்ட கடற்கரைக்குப் போய், கடலில் இறங்கித் தண்ணீர் மொண்டு குடத்தில் கொண்டுவருவார்கள். அந்தக் கடல்நீரில் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவார்கள். ஏழு நாள் எரியும். ஏழாம் நாள் ஞாயிறு பிள்ளையார் கோயிலிலேயே ஒரு பொங்கல். அதற்குப் பிறகுதான் மடைப்பண்டங்கள் வற்றாப்பளைக்குப் போகும், திங்களிரவு அம்மனுக்குப் பொங்கல் நடக்கும்.

ஆகவே பொங்கல் திங்களில் நீங்கள் காண்பது முடிவு. மூலம், அந்தக் கடற்கரையில் நடப்பது.

என்னைத் தீர்த்தக்கரைக்கு முதன்முதல் கூட்டிப்போனது என் அம்மம்மா. எனக்கு அப்போது ஏழு, எட்டு வயது இருக்கும். சனம் கரையில் நிற்கிறது, பறை அடித்துக்கொண்டேயிருக்கிறது, குடத்தோடு கடலுக்குள் இறங்குகிறார்கள். அலை பெரிதாக எழும்பி வந்தபோது நான் பயத்தில் அம்மம்மாவின் சீலையைப் பிடித்தேன். "பயப்பிடாதை மோனை, அம்மாள் தண்ணி கேக்கிறா, கடல் குடுக்குது, அவ்வளவுதான்" என்றார். பக்தி பற்றிப் பிறகு எத்தனையோ பேச்சுகள் கேட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்குக் கிட்ட எதுவும் வரவில்லை. (அதே கடல் 2004 மார்கழியில் முல்லைத்தீவை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வைகாசியில் அதே கரையில் நின்றபோது அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டபடி நெடுநேரம் நின்றார்.)

2009 பற்றிச் சொல்லாமல் இந்தக் கோயிலைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. வற்றாப்பளை நந்திக்கடலின் மேற்குக் கரை. கோயிலடியிலிருந்து தண்ணீரைப் பார்த்து நின்றால் அக்கரையில் முள்ளிவாய்க்கால். யுத்தத்தின் கடைசி நாட்கள் கழிந்தது அந்த ஒடுங்கின நிலத்தில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து நாங்கள் வெளியே வந்தது வைகாசி பிறந்த கையோடு. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் எனக்கு நாள், கிழமை ஒன்றும் தெரியவில்லை. கூடாரத்துக்குள் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. "இண்டைக்குப் பாக்குத்தெண்டல்" என்றார் ஒரு காலை.

அம்மம்மா வெற்றிலை போடுகிறவர். முகாமில் வெற்றிலையும் பாக்கும் கிடைப்பது பெரிய பாடு. பக்கத்துக் கூடாரத்தில் கெஞ்சி வாங்கின ஒரேயொரு பாக்கு அவரிடம் இருந்தது. அன்று அதை எடுத்துக் கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டு கிழமை அந்த முடிச்சு அவிழவில்லை. வாய் நமநமக்க, வெறும் வாயை மென்றுகொண்டு இருப்பார். பொங்கல் திங்களிரவு, வரிசையில் நின்று வாங்கின அரிசியில் ஒரு கைப்பிடி பொங்கினார். அந்தப் பாக்கை முன்னால் வைத்துக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். எங்களுக்கும் கோயிலுக்கும் இடையில் அப்போது முழு வன்னியும் கிடந்தது. அந்த வருசம் எங்கள் வீட்டின் பாக்கு அம்மாளிடம் போகாமல் நிற்கவில்லை என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

மே 18இல் யுத்தத்தில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றிவிட்டு, அதே மாதத்தில் இங்கே பொங்கலுக்கு வருகிற குடும்பங்கள் ஏராளம். நந்திக்கடல் கரைப் பக்கம் போய், கற்பூரம் கொளுத்தி, அக்கரையைப் பார்த்தபடி பேசாமல் நிற்பவர்களைக் காண்பீர்கள். கண்டால் படம் எடுக்காதீர்கள். கிட்டப் போய் விசாரிக்கவும் வேண்டாம்.

கோயிலின் பழமையைப் பற்றியும் கேட்டீர்கள். செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்த"னும் நின்றான் என்கிறது சிலப்பதிகாரம். சிங்கள மக்களுக்கும் அவள் பத்தினித் தெய்வம்தான். வற்றாப்பளைக்கு அவர்களும் வருகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆகம முறை வலுத்தபோது யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் ராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. வணிகர் குலத்துச் சமணப் பெண்ணைச் சைவர் கும்பிடுவதா என்ற கேள்வி அன்றைக்குப் பலமாக இருந்தது. வன்னியில் கண்ணகி கண்ணகியாகவே இருந்துவிட்டாள். இராசகோபுரம் எழும்பிய பிறகும் அவளுக்குக் கிராமத்துப் பொங்கல்தான், கடல்தண்ணீர் விளக்குத்தான். இதைக் காப்பாற்றி வைத்த எங்கள் கிழவன் கிழவிகளை நினைக்க எனக்கு நெஞ்சு நிறையும்.

பன்னிச்சை மரக் கதையை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்: உன் தெய்வத்துக்குச் சக்தி இருந்தால் இந்த மரம் ஆடட்டும் என்று குதிரையில் வந்த பறங்கி அதிகாரி ஒருவன் பூசாரியாரைக் கேலி செய்ய, மரம் குலுங்கிக் காய்கள் அவன்மேல் சொரிந்த கதை. இதைச் சிந்தாகவும் பாடிவைத்திருக்கிறார்கள். கோவலன் கூத்தும் எங்களுக்கு உண்டு. முல்லைமோடி என்று இந்தப் பகுதிக்கே உரிய ஆட்டமுறை. நீங்கள் நிற்கிற நாட்களில் எங்காவது ஆடினால் விடியும்வரை இருந்து பாருங்கள். கண்ணகி வழக்குரைக்கிற இடத்தில் முன்வரிசைக் கிழவிகள் அழுவார்கள். கதை தெரிந்தவர்கள்தான், ஒவ்வொரு முறையும் அழுவார்கள்.

இனி வழி. கொழும்பிலிருந்து யாழ்ப்பாண ரயிலில் வந்து மாங்குளத்தில் இறங்கினால் ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று, முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுப் பாதை. வவுனியாவிலிருந்து நெடுங்கேணி ஊடாகவும் வரலாம். வரும்போது ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரை இறங்கிக் கும்பிடாமல் வராதீர்கள். குரக்கன் தாளுக்குத் தீ வைத்தபோது வேகாமல் நின்ற இடத்தில் தோன்றிய இலிங்கம் என்பதால் அந்த ஊருக்கு வேகாவனம் என்றும் பேர். முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளை சில கிலோமீற்றர்தான். பொங்கலன்று பாதை முழுவதும் சனம் நடந்துகொண்டேயிருக்கும், வாகனத்தைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். திகதியை வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிக்கற் எடுக்க முன்னம் ஊரில் யாரையாவது கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வைகாசி வெயில் உங்கள் அம்மாவுக்கு மறந்திருக்கும். சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும், தார் கொதிக்கும். தண்ணீர்ப்பந்தல்கள் இருக்கின்றன, மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கையில் திணிப்பார்கள், மறுக்காமல் குடியுங்கள். ஆண்கள் உள்ளே மேற்சட்டை கழற்ற வேண்டும். பாற்செம்பு, காவடி, தூக்குக்காவடி, கற்பூரச்சட்டி எல்லாம் பகலிலேயே வந்துகொண்டிருக்கும். வெயிலில் அங்கப்பிரதட்டை பண்ணுகிற ஆட்களையும், அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்துப் போகிற தாய்மாரையும் பார்த்தால் கல்லும் கரையும். பொங்கல் நள்ளிரவைத் தாண்டும். கச்சான் (நிலக்கடலை) கடைகளில் ஒரு சுருளாவது வாங்குங்கள். எங்களில் ஒருவரும் கச்சான் இல்லாமல் பொங்கலால் வீடு திரும்பியதில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

பொங்கலன்று அவரைச் சனத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். நேர்த்தியை முதல்நாளோ அடுத்த கிழமையோ ஆறுதலாக வந்து நிறைவேற்றலாம், அம்மாள் குறை நினைக்க மாட்டாள். கடற்கரைக்கும் வேண்டாம், மணலில் கால் புதையும். தீர்த்தமெடுப்பன்று முள்ளியவளைத் தெருவோரம் கொண்டுவந்து இருத்துங்கள். கடலில் மொண்ட குடம் திரும்பி அந்த வழியால்தான் வரும். வீட்டு வாசலில் படலைக்குப் படலை நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, வேப்பங்குழை கட்டி, மஞ்சள் தண்ணீரோடு காத்திருப்போம். முதலில் பறைச் சத்தம் தூரத்தில் கேட்கும், பிறகு வெளிச்சம் தெரியும், கதை பேசிக்கொண்டிருந்த தெரு அடங்கிவிடும். குடம் வந்து கண்ணுக்கு முன்னால் கடக்கும். அம்மம்மாவும் கடைசி மூன்று வருசம் நடக்க முடியாமல் அங்கேதான் இருந்து கும்பிட்டார். அவர் இருந்த கதிரையை நாங்கள் இன்னும் ஒவ்வொரு தீர்த்தமெடுப்புக்கும் வெளியே எடுத்துப் போடுகிறோம். உங்கள் அம்மா வந்து அதில் இருக்கட்டும்.