45 பழைய பேனா, 2.8 லட்சம் ரூபாய்: வாங்கலாமா?

கேள்வி: வணக்கமுங்க சார். சொந்த ஊர் கோபி. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதிய என் அப்புச்சியின் பார்க்கர் பேனா நான்கு வருடம் முன்பு என்னிடம் வந்தது. அதைச் சரிசெய்து எழுதிப் பார்த்ததிலிருந்து பழைய இங்க் பேனா சேர்க்கும் ஆசை விடவில்லை. இதுவரை 31 பேனா, 3.4 லட்சம் ரூபாய். பேனா வாங்கிய வகையில் கிரெடிட் கார்டில் 1,18,000 பாக்கி இருக்கிறது, மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறேன். இப்போது ஆன்லைனில் பழக்கமான ஒருவர் 45 பேனாக்களை மொத்தமாக 2.8 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். அதில் 11 பேனாவுக்குத் தங்க நிப். தனித்தனியாக விற்றால் 5 லட்சம் போகும் என்கிறார். 2 லட்சம் ரூபாய் ஏலச்சீட்டில் எட்டு மாதம் கட்டியிருக்கிறேன், இன்னும் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. இப்போது எடுத்தால் 20,000 தள்ளு போகும். அதை எடுத்து, மீதிக்கு வீட்டு நகையை அடகு வைக்கலாமா? “இத்தனை காசுக்குப் பவுன் வாங்கியிருக்கலாம்” என்று வீட்டில் சொல்கிறார்கள். மகள் ஆறாவது படிக்கிறாள். பழைய பேனாவும் ஒரு முதலீடுதானே சார்?

பதில்: வணக்கம். இந்த 45 பேனாவை வாங்காதீர்கள். ஆனால் சீட்டை எடுங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் கார்டு. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் 1,18,000-க்கு 4,130 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, 743 ரூபாய். ஆக மாதம் 4,873, வருடத்துக்கு 58,000-க்கு மேல். மினிமம் மட்டும் கட்டுகிறவருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டு என்றால் அவற்றுக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். போன தீபாவளிக்கு வாங்கிய பேனாவின் உண்மையான விலை பில்லில் இருப்பது அல்ல. அது மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கிறது.

இதை அடைக்க மூன்று வழி உண்டு. நகைக் கடன்தான் கணக்குப்படி மலிவு, வங்கியில் வருடத்துக்குப் பத்து சதவீதம் போட்டால்கூடப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடியும். சீட்டில் தள்ளு 20,000. எட்டாயிரம் கூடுதல்தான். இருந்தும் சீட்டையே சொல்கிறேன். உங்கள் விருப்பத்துக்கு வந்த கடனுக்காக மனைவியின் நகை வங்கிக்குப் போகக் கூடாது. சீட்டில் வரும் 1,80,000-ல் கார்டை முழுதாக அடைத்துவிட்டால் 62,000 மிச்சம். அது சரியாக உங்கள் ஒரு மாதச் சம்பளம். வீட்டில் அவசரப் பணம் என்று எதையும் நீங்கள் எழுதவில்லை, அதனால் இந்தத் தொகை அப்படியே வங்கி டெபாசிட்டுக்குப் போகட்டும். எடுத்த பிறகும் பன்னிரண்டு மாதம் தவணை கட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சீட்டு பதிவு பெற்றதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றாவது வழி, கையில் இருக்கும் பேனாக்களை விற்பது. அதைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது.

தங்க நிப் என்றதும் மனம் பவுன் கணக்குப் போடுகிறது. போட்டுப் பார்ப்போம். சாதாரண அளவு நிப் ஒன்று ஒரு கிராமுக்கும் குறைவு. சராசரியாக அரை கிராம் வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றுக்கும் சேர்த்து ஐந்தரை கிராம். அதுவும் பெரும்பாலும் 14 காரட், அதாவது நூற்றில் 58.5 பங்குதான் தங்கம். சுத்தத் தங்கமாக எஞ்சுவது மூன்றேகால் கிராம் போல, அரைப் பவுன்கூட இல்லை. மீதி 34 பேனாவில் ஸ்டீல் நிப்போ முலாம் பூசியதோதான் இருக்கும். உங்கள் மனைவி சொன்ன பவுனுக்கும் இந்த நிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அவர் சொன்னது நகைக்கடைக்குக் கொண்டுபோன அன்றே காசாகிற பொருளை. அவர் பேச்சு சரியான பேச்சு.

அடுத்து அந்த ஐந்து லட்சம். அதைச் சொன்னது யார்? விற்கிறவர். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்குப் பணம் போட்டவர்கள் 2012-ல் பட்ட பாடு உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோழியைக் கொடுத்தவர்களே அதன் விலையையும் சொன்னார்கள், வெளியே அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை. பேனா விற்கும் நண்பர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி மட்டும் அதேதான்: இவரை விட்டால் இதை இந்த விலைக்கு யார் வாங்குவார்? ஈபே போன்ற தளங்களில் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அங்கே இருக்கிறது. அதில் தேடினால் பல மாதமாக விலைச்சீட்டோடு கிடக்கும் பேனாக்கள் மறைந்துவிடும், உண்மையில் கைமாறிய விலை மட்டும் தெரியும். அதிலும் தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு போக விற்றவர் கைக்கு வந்தது குறைவு. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவருக்குச் சுங்கவரியும் கூரியர்காரர் கட்டணமும் கூடும். அந்தப் பணத்தை நீங்கள் விற்கும்போது யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

பழைய பேனா என்றாலே அரிது என்ற எண்ணம்தான் இந்தப் பொழுதுபோக்கில் பலரையும் இழுக்கிறது. பார்க்கர் 51-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1941-ல் சந்தைக்கு வந்தது, முப்பது வருடத்துக்கு மேல் தயாரானது, இரண்டு கோடிக்கும் அதிகமாக விற்றது. நாம் பள்ளியில் எழுதிய ஹீரோ 616-க்கு அதன் உருவம்தான் முன்மாதிரி. அருமையான பேனா, எழுதுவதற்கு அதை மிஞ்சுவது கஷ்டம். ஆனால் அது அரிய பேனா இல்லை. அதில் சில நிறங்கள் மட்டும் கிடைப்பது குறைவு, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பர்கண்டி இருந்தால் மிட்நைட் ப்ளூ வேண்டும், அது வந்தால் பிளம் வேண்டும். வரிசையை முடிக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் ஒருவர் விலையைப் பார்ப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு ஏலம் முடியும்போது இன்னும் ஐந்நூறு, இன்னும் ஐந்நூறு என்று போவதும் அதனால்தான்.

அப்புறம் பேனாவின் நிலை. 51-லேயே முதலில் வந்த வாக்குமேட்டிக் வகையில் ரப்பர் சவ்வு இருக்கிறது, அது காலப்போக்கில் கெட்டுப்போகும், மாற்றத் தெரிந்தவர் வேண்டும். 1948-ல் தொடங்கிய ஏரோமெட்ரிக் வகையின் பிளாஸ்டிக் குழாய் பலவற்றில் இன்றும் மை உறிஞ்சுகிறது. ஒரே பெயர், ஒரே தோற்றம், செலவு மட்டும் வேறு வேறு. மற்ற பழைய பேனாக்களில் மை தங்கும் ரப்பர் பை கல்லாக இறுகியிருக்கும். எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த உடல் வெயிலும் ஈரமும் பட்டுக் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். மூடி ஒன்றிலிருந்தும் உடல் இன்னொன்றிலிருந்தும் நிப் வேறொன்றிலிருந்தும் சேர்த்துப் பொருத்தியவையும் உண்டு. மூடியின் விளிம்பில் ஒரு முடி அளவு விரிசல் இருந்தாலே சேகரிப்பவர் பாதி விலை கேட்பார். இதெல்லாம் ஒவ்வொரு பேனாவாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மை ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும். 45 பேனாவை நான்கைந்து போட்டோவில் காட்டினால் என்ன தெரியும்? இப்படி மொத்தமாக விற்கிறவர் நல்லதை முன்பே தனியாக விற்றிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

இனி அந்த மூன்றாவது வழி. உங்கள் 31 பேனாவில் அப்புச்சியுடையதைத் தனியாக வைத்துவிடுங்கள், அது கணக்கில் வராது. மற்ற முப்பதில் நல்ல விலை போகும் என்று நீங்கள் நம்பும் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். எந்த நாளில், எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள், பழுதுபார்க்க எவ்வளவு ஆனது என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டு மூன்றையும் விற்றுப் பாருங்கள். அறுபது நாள் அவகாசம் கொடுங்கள். போட்டது திரும்பி வந்தால் உங்கள் கண் நல்ல கண், சந்தோஷம். பாதிதான் வந்தது என்றால் மீதி 27 பேனாவின் மதிப்பையும் அதே அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆளே வரவில்லை என்றாலும் அதுவும் ஒரு விலைதான். எது நடந்தாலும், முதலீடா என்ற கேள்விக்கு என்னைவிட நன்றாக அந்த மூன்று பேனாக்கள் பதில் சொல்லும். பெரும்பாலானவர்களுக்கு இது முதலீடு ஆகாது என்பதுதான் என் கருத்து. வட்டி கிடையாது, டிவிடெண்ட் கிடையாது, வாடகை கிடையாது. அடுத்த ஆசைக்காரர் கூடுதலாகக் கொடுத்தால்தான் லாபம்.

அந்த நோட்டை எல்லாப் பேனாவுக்கும் எழுதி முடித்து, எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவையுங்கள். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால், எந்தப் பேனா ஐந்நூறு ரூபாய், எந்தப் பேனா பதினைந்தாயிரம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. முதலில் கேட்டு வருகிறவர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுவார்.

பேனாவையே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். வேலை முடிந்து வந்து ஒரு பக்கம் எழுதுவதில் கிடைக்கும் நிம்மதி எனக்கும் தெரியும், அதற்குச் செலவழிப்பது தப்பே இல்லை. செலவு என்று பெயர் வைத்துச் செலவழியுங்கள். கார்டு அடையும்வரை ஒன்றும் வேண்டாம். அடைந்த பிறகு மாதம் 1,500 ரூபாய் தனிக் கணக்கில் போடுங்கள், விற்ற பேனாக்களின் பணமும் அங்கேயே சேரட்டும். அதில் இருப்பதற்கு மேல் வாங்கக் கூடாது, கார்டைத் தொடக் கூடாது. புதிய பேனா என்றால் திருவள்ளூர் ரங்காவும் ராஜமகேந்திரவரத்து ரத்தினமும் இன்றும் எபோனைட்டைக் கையால் கடைந்து தருகிறார்கள், அந்தக் கணக்கில் சில மாதம் சேர்ந்தால் ஒன்று வாங்கலாம்.

45 பேனா நண்பருக்கு இன்றே பதில் போட்டுவிடுங்கள், அவரும் வேறு ஆள் பார்க்கட்டும். சீட்டு முடியும்போது மாதம் ஒரு தவணை அளவு பணம் கையில் மிஞ்சும், உங்கள் மகள் அப்போது ஏழாவதில் இருப்பாள். பிளஸ் டூ முடிக்க இன்னும் ஐந்து வருடமாவது இருக்கும். அந்தத் தவணையை அப்படியே அவள் படிப்புக்குத் திருப்பலாம். எதில் போடுவது என்று அந்தச் சமயத்து வட்டியைப் பார்த்துச் சொல்கிறேன், சீட்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது எழுதுங்கள்.