ஐந்து ஏக்கர் வயலுக்குக் காபன் கிரெடிட் கிடைக்குமா?

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ், முரசுமோட்டையில் எனக்கு அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த ஐந்து ஏக்கர் பெர்மிட் வயல் உண்டு. வரம்போரம் பனைகளும் நிற்கின்றன. காபன் கிரெடிட் பெற்றுத் தருவதாகச் சொல்லி, இருபது வருட ஒப்பந்தத்துடன் ஒருவர் வந்தார். நம்பிக் கையெழுத்திடலாமா?

பதில்: காபன் கிரெடிட் தொழில் உண்மையானதே; ஆனால் அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம்.

ஒரு மெற்றிக் தொன் காபனீரொட்சைட்டோ அதற்கு ஈடான வேறு பச்சைவீட்டு வாயுவோ குறைந்தது என்பதற்கான சான்றே ஒரு கிரெடிட். அந்தத் திட்டம் இல்லாதிருந்தால் அது குறைந்திராது என்றும் காட்ட வேண்டும். ஆகவே அப்பு காலத்திலிருந்தே நிற்கும் பனைகளுக்கு ஒரு சதமும் வராது.

வயலில் வழி இருக்கிறது. நீர் தேங்கிய மண்ணில் காற்றுப் புகாததால் உருவாகும் மெதேன், நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டக் கூடியது. துளையிட்ட ஓரடிக் குழாயொன்றைப் பாதியளவு புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட்டு, அதனுள் தெரியும் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 சென்ரிமீற்றர் இறங்கிய பின்னரே மறுபடி பாய்ச்சினால், அந்த மெதேனில் மூன்றிலொரு பங்கு முதல் அரைவாசி வரை குறையலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் வற்றவிடக் கூடாது. காலபோக மழையில் இதைச் செய்வது கடினம். சிறுபோகத்திலோ வாய்க்கால் நீர் முறைவைத்தே வருகிறது; அதனால் வயல் ஏற்கெனவே வற்றி வருமானால் அந்தக் குறைவு புதிதாகக் கணக்கில் ஏறாது. ஒப்பந்தக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

வருமானத்தையும் பாருங்கள். ஏக்கருக்கு ஒரு போகத்தில் அரைத் தொன் குறைந்து, கிரெடிட் 10 டொலருக்கு விலைபோகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்து ஏக்கருக்கு 25 டொலர்தான். திட்டத்தைப் பதிந்து சரிபார்க்கும் செலவோ பல்லாயிரம் டொலர். எனவே பல கமக்காரர் அமைப்புகள் சேர்ந்து ஒரே திட்டமாகச் செய்தால்தான் கட்டுப்படியாகும். என் கணிப்பில், நம் இளைஞர்களுக்கான தொழில் வாய்ப்பு கிரெடிட்டை விற்பதில் அல்ல, வயல்வயலாகக் குழாய் அளவெடுத்து, படத்துடன் பதிந்து கொடுக்கும் சேவையிலேயே இருக்கிறது.

கிரெடிட்டைச் சான்றுப்படுத்தும் எந்தத் தர அமைப்பில், குறைப்பைக் கணக்கிடும் எந்த முறைமையில் பதியப் போகிறார்கள் என்று கேளுங்கள். அத்தகைய அமைப்புகளில் ஒன்றான வெரா (Verra) பழைய நெல் முறைமையை 2023இல் நிறுத்தி, 2025இல் புதியதை வெளியிட்டது. பழையதைக் காட்டினால் அத்துடன் பேச்சை முடித்துவிடலாம். வெளிநாடொன்று தன் உமிழ்வுக் குறைப்பு இலக்குக் கணக்கில் சேர்க்க வாங்குவதானால், பாரிஸ் காலநிலை உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரைப்படி இலங்கை அரசின் அனுமதியும் வேண்டும். உங்களுடையது பெர்மிட் காணி என்பதால், நீண்டகால உரிமை எதையும் எழுதிக் கொடுக்குமுன் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தைத் தமிழில் வாங்கி, ஓரிடத்தைக் குறிப்பாக வாசியுங்கள்: குளத்தில் நீர் போதாமல் உங்களுக்குச் சிறுபோகப் பங்கு கிடைக்காத வருடத்தில், குறைந்துபோகும் கிரெடிட்டுக்கு யார் பொறுப்பு என்று அதில் என்ன எழுதியிருக்கிறது?