கடல் பற்றி மலைக்காரர்கள் கேட்டவை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் பல வருடம் கடலோர வேலை பார்த்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். கடலைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

குன்னூர்த் தங்கை: ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற நமக்குக் கடலோடு என்ன சம்பந்தம் அக்கா?

மழைதான் தங்கச்சி. ஆடியில் கூடலூரை நனைப்பது அரபிக்கடல் ஈரம், ஐப்பசியில் நம் பக்கம் கொட்டுவது வங்கக்கடல் ஈரம். அப்புறம், உலகில் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி கடலில் மிதக்கும் நுண்பாசிகளால் வருகிறது, அதில் பெரும்பகுதியைக் கடல் உயிர்களே சுவாசித்துவிடுகின்றன என்றாலும். நீ சந்தையில் வாங்கும் மத்தி அந்தப் பாசியைத் தின்றுதான் கொழுக்கிறது.

உதகை ஆசிரியர்: பவளம் செடியா, கல்லா? ஏன் வெளுக்கிறது?

இரண்டும் இல்லை சார், பிராணி. இரவில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால் கல்லின் ஒவ்வொரு குழியிலிருந்தும் மிளகளவு உடம்பு ஒன்று விரல்களை நீட்டி இரை தேடுவது தெரியும். அதன் சதைக்குள் ஒரு பாசி குடியிருந்து சோறு ஆக்கிக் கொடுக்கிறது, நிறமும் பெரும்பாலும் அதனுடையதுதான். தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும், வெள்ளை எலும்புக்கூடு தெரியும். உடனே சாகாது, சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் வெளுத்ததில் நிறைய பிழைக்கவில்லை, அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

கூடலூர் நண்பர்: கடல் பசு நிஜமாகவே மேயுமா?

மேயும். மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும், ஒரு நாளைக்கு 30, 40 கிலோ. நீர் வற்றிய நேரத்தில் அது போன தடம் புல்வெளி நடுவே ஏர் ஓட்டியது போல வளைந்து வளைந்து கிடக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் போடும், அதனால் வலையில் சிக்கி ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு. 2022ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை இதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள்.

கோத்தகிரித் தம்பி: வெளிச்சமே இல்லாத ஆழத்தில் உயிர் உண்டா?

உண்டு தம்பி. 200 மீட்டருக்குக் கீழே பாசி வளர வெளிச்சம் போதாது. மேலிருந்து உதிரும் செத்த உடல்களும் கழிவும்தான் அங்கே பலருக்குச் சாப்பாடு.

குன்னூர் அண்ணி: ராமேஸ்வரம் போகிறோம், பவளப்பாறைத் துண்டு வாங்கலாமா?

வேண்டாம் அண்ணி, சட்டப்படி குற்றம். காய்ந்த கடல்குதிரையும் அப்படியே. கரையில் கிடக்கும் சங்கை எடுத்தால்கூடத் திருப்பிப் பாருங்கள், உள்ளே துறவி நண்டு குடியிருக்கலாம்.