ஒன்பது நாள் காத்திருந்த துணி

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் 52 மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறேன். வயது 41. அப்பா ஆரம்பித்த கம்பெனி. கடைசி இரண்டு வருஷமாக அமெரிக்க ஆர்டரை நம்பியே ஓட்டினேன். 2025 ஆகஸ்டில் முதலில் 25, மாதக் கடைசியில் இன்னொரு 25 என்று கூடுதல் வரி 50 சதவீதமானதும், அங்கே வாங்குபவர்கள் இரண்டு ஸ்டைலை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். துணியோ வந்து இறங்கிவிட்டது. “வெட்டறதா வேண்டாமாங்க?” என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். “பாத்துக்கலாம்” என்றேன். ஒன்பது நாளும் அதே பதில்தான். இப்போது கம்பெனிக்குள் நுழையவே கூசுகிறது. போனை சைலண்டில் போட்டுவிட்டு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நல்ல டெய்லர்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. துணியை உள்ளூர் காதர்பேட்டை மார்க்கெட்டில் தள்ளிவிடலாம் என்றால், ஊருக்கே தெரிந்துவிடும் என்று தயக்கம். தன்னம்பிக்கைப் பயிற்சிக்குப் போனேன். வந்த தெம்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. 2011ல் சாயப்பட்டறைகள் மூடியபோது அப்பா அசையவே இல்லை. நான் இதற்கு லாயக்கில்லாதவனா? போன நம்பிக்கையை எப்படித் திரும்பப் பெறுவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பா விஷயம். 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊரே ஆடிப்போனது உண்மைதான். ஆனால் அன்று ஆர்டர் கையில் இருந்தது, சாயம் போட இடம்தான் இல்லை. சாயம் போடாத கோரா துணியை வெளிமாநிலத்துக்கு அனுப்பி, செலவைத் தாங்கி, எப்படியோ சரக்கை முடித்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு இன்று எல்லா வசதியும் இருக்கிறது, வாங்குபவன்தான் நின்றுவிட்டான். அது வேறு நோய், இது வேறு. இன்னொன்றும் உண்டு. அன்று உங்களுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது. அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி அவர் எப்படிப் புரண்டு படுத்தார் என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

என் கதையையும் சொல்கிறேன். கோவையில் இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரி வைத்திருந்தேன், பம்ப் காஸ்டிங். 2012ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். உலையில் இரும்பு உருகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் அப்படியே இறுகிவிடும். அதை உடைத்து எடுத்து உலையின் உள்பூச்சான லைனிங்கை மறுபடி போடுவதற்குள் இரண்டு நாள் போய்விடும். ஊற்றிய காஸ்டிங்கிலும் பாதி திரும்பி வந்தது. உருக்குவதற்கான கச்சா இரும்பு, அதாவது பிக் அயர்ன் கொடுத்தவருக்குப் பணம் தர முடியவில்லை. அவர் வண்டி முன்வாசலில் நின்றால் நான் பின் கேட் வழியாக வெளியே போனேன். ஒரு தடவை இல்லை, நாலு மாதம். என்னோடு வேலை செய்த இருபது பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தர வேண்டியதையெல்லாம் எழுதினேன். 23 பேர். கூட்டிப் பார்த்தால், மனதில் பயந்து வைத்திருந்ததைவிட நாலு லட்சம் அதிகம். ஆனாலும் அன்றைக்குத்தான் தூங்கினேன். மறுநாள் பிக் அயர்ன்காரரிடம் நானே போனேன். “மொத்தமா முடியாதுங்க, வியாழக்கிழமை வியாழக்கிழமை பதினைந்தாயிரம் தர்றேன்” என்றேன். அவர் திட்டினார். வாங்கிக் கொண்டேன். அந்தப் பதினைந்தாயிரத்தை ஆறு வியாழக்கிழமை தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழாவது வாரம் அவரே அரை லோடு அனுப்பினார்.

நம் பக்கத்து வியாபாரிகள் தன்னம்பிக்கை என்ற சொல்லை அதிகம் பேசிக் கேட்டதில்லை. “அவர் நாணயமானவர்” என்பார்கள். நீங்கள் தொலைத்தது அதில் கொஞ்சம். அதை உட்கார்ந்து யோசித்து மீட்க முடியாது, பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. ஒரு தேதியைச் சொல்லி அந்தத் தேதியில் செய்து காட்டினால் திரும்பி வரும். மனதில் தெம்பு வந்த பிறகு போகலாம் என்று நான் நாலு மாதம் காத்திருந்தேன். அது அந்த ஆறு வியாழக்கிழமைகளுக்குப் பிறகுதான் வந்தது.

இனி அந்தத் துணி. கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் நிற்கிறது. உங்கள் டெய்லர்களுக்குப் பீஸ் ரேட்தானே? துணி வெட்டவில்லை என்றால் அவர்களுக்குப் பீஸ் இல்லை, சனிக்கிழமை கையில் வாங்கப் பணமும் இல்லை. நீங்கள் “பாத்துக்கலாம்” என்ற ஒன்பது நாளுக்கும் கூலி இழந்தது அவர்கள். ஆர்டர் போனதால் அந்த இருவரும் நின்றிருக்க மாட்டார்கள். இந்த வாரம் வேலை உண்டா இல்லையா என்று ஒரு சொல் கிடைக்காததால் போயிருப்பார்கள். உங்களைக் குத்துவதற்கு இதை எழுதவில்லை. லாயக்கு இருக்கிறதா என்ற கேள்வியில் நீங்கள் மூழ்கியிருக்கும்போது பக்கத்தில் நடப்பது கண்ணில் படாது, எனக்கும் படவில்லை.

அந்த ரோல்களை விற்றுவிடுங்கள், இல்லை உள்நாட்டு டிசைனுக்கு வெட்டி காதர்பேட்டையில் கொடுங்கள். எக்ஸ்போர்ட்காரர்களின் மீந்த சரக்கு அங்கே போவது புதிதா? விலை கைக்கும், தெரியும். நஷ்டம் இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கணக்கைப் போடலாம். குவியலாகக் கிடந்தால் அடி ரோலில் மடிப்பு விழுந்து அந்த விலையும் இறங்கிவிடும்.

பேங்க்குக்கும் போனை சைலண்டில் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தவணை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்கு முன்பே 30, 60 நாளிலும் அவர்கள் குறித்து வைத்துக்கொண்டே வருவார்கள். நீங்களாகப் போய்ப் பேசுவது அதற்குள் நடக்க வேண்டும். 25 கோடி வரை கடன் உள்ள சிறு, குறு நிறுவனங்களுக்கு மறுசீரமைப்பு ஏற்பாடு ஒன்றை 2016ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. உரிமையாளரே அதற்கு விண்ணப்பிக்கலாம். மேனேஜரிடம் அந்த ஏற்பாட்டைக் குறிப்பிட்டே கேளுங்கள். உள்ளூரில் உங்களுக்கு வர வேண்டிய ஜாப் ஒர்க் பாக்கியையும் எழுதி எடுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கச் சட்டத்தில் இடமில்லை. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவைத்த தொகை எவ்வளவு என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

தூக்கத்தைச் சும்மா விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம், காசில்லை. வீட்டில் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள், எந்த நேரமானாலும்.

பெரிய மீட்டிங் எதுவும் வேண்டாம். நாளைக் காலை ஆபீஸ் ரூமுக்குப் போகும் முன் நேராக கட்டிங் டேபிளுக்குப் போங்கள். அந்தத் துணியை என்ன செய்யப் போகிறோம் என்று மாஸ்டரிடம் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை சம்பளம் எத்தனை மணிக்கு என்பதையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். முழுசாகத் தர முடியாதென்றால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்லுங்கள். சொன்ன மணிக்கு நீங்களே உங்கள் கையால் கொடுங்கள். நின்றுபோன அந்த இரண்டு பேருக்கு அதற்கு அடுத்த சனிக்கிழமையும் கொடுத்த பிறகு போன் பண்ணுங்கள்.