வீடியோ பார்த்துத் தனியாக யோகா செய்தால் போதாதா?

"வீட்டிலேயே வீடியோ பார்த்துச் செய்கிறேன், வகுப்பு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், தவறே இல்லை. ஆனால் கோத்தகிரியில் சொல்லிக்கொடுக்கும் நான் கண்டது வேறு.

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்று, முன்னால் குனிந்து, முதுகில் பாரம். அவர்களைப் போய் இன்னும் குனியச் சொல்லிப் பாதஹஸ்தாசனம் செய்யவைக்க எனக்கு மனசு வராது. நெஞ்சைத் திறக்கும் புஜங்காசனம், அப்புறம் சுவரில் காலைச் சாய்த்துப் படுப்பது, நிதானமான மூச்சு. மாலையில் இவ்வளவுதான். எங்கே இறுகியிருக்கிறது என்று உடம்பே சொல்லும். நாம் கேட்க வேண்டும். வீடியோவுக்கு உங்கள் முதுகு தெரியாது.

இன்னொன்று. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். இதுவும் யோகாதான் என்பேன். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொன்ன யோகாவின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதுதான். முதலில் வருவது இயமம், அதிலும் முதலாவது அகிம்சை. அதாவது, பிறரோடு எப்படிப் பழகுகிறோம் என்பதில்தான் அவரே தொடங்குகிறார்.

பக்கத்தில் வகுப்பு இல்லையென்றால் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, இரண்டு பேராகச் செய்து பாருங்கள்.